லாரிக்குக் கூலன்ட் வாங்கும்போது கலரைப் பார்க்காதீர்கள், லைனரை நினையுங்கள்

மாதவரம், செங்குன்றம் பக்கம் லாரி வைத்திருப்பவர்களிடம் டயரைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள், மைலேஜ் பற்றிக் கேட்டால் அதைவிட அதிகமாகப் பேசுவார்கள். இஞ்சின் சூட்டை எடுத்துப் போகும் கூலன்ட் என்று வந்தால் மட்டும் "பச்சையா, சிவப்பாண்ணே?" என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். கலர் என்பது கம்பெனிக்காரர்கள் சேர்க்கும் சாயம், அவ்வளவுதான். ஒரு கம்பெனியின் பச்சையும் இன்னொரு கம்பெனியின் பச்சையும் உள்ளே வேறு வேறு சரக்காக இருக்கலாம், அதனால் கலரை வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது.

இன்னொரு பேச்சும் அடிக்கடி காதில் விழும்: "மெட்ராஸ்ல என்ன பனியா கொட்டுது, வெறும் தண்ணி போதும்." உறையாமல் இருப்பது கூலன்ட் செய்யும் வேலைகளில் ஒன்று மட்டும்தான், சென்னையில் ஓடும் வண்டிக்கு அது தேவையே இல்லை என்றுகூட வைத்துக்கொள்வோம். ஆனால் பெரிய டீசல் இஞ்சின்களில் பெரும்பாலும் வெட் லைனர் இருக்கும், அதாவது பிஸ்டன் ஓடும் குழாயின் வெளிச்சுவரைக் கூலன்ட் நேராகத் தொட்டுக்கொண்டு ஓடும். உள்ளே டீசல் எரிந்து பிஸ்டன் பக்கவாட்டில் இடிக்கும்போதெல்லாம் அந்த லைனர் அதிரும். அதிரும்போது அதன் வெளிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத நீராவிக் குமிழிகள் உண்டாகி அங்கேயே உடையும், உடையும்போது இரும்பை அடித்துக் கொத்தி எடுக்கும்.

இஞ்சின் இறக்கியிருக்கும் ஷெட்டுக்குப் போனால் கழற்றி வைத்த லைனரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். சுற்றிலும் ஒழுங்காக இருக்கும், பிஸ்டன் இடிக்கும் பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு பட்டையில் ஊசியால் குத்தியது போலக் கறுப்புக் குழிகள். நகத்தால் தடவினால் மாட்டும். அதில் ஒன்று முழுசாகத் துளைத்துவிட்டால் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும், ஆயிலோடு கலந்து பாலாகும், பேரிங் போகும். ரேடியேட்டரில் ஒரு சொட்டு வெளியே ஒழுகியிருக்காது, டெம்பரேச்சர் முள்ளும் அதுவரை ஒழுங்காகவே நின்றிருக்கும்.

இதைத் தடுப்பதற்கென்று சேர்க்கும் மருந்து இருக்கும் கூலன்ட்தான் லாரிக்கு வேண்டும். பழைய வகைகளில் அது நைட்ரைட், லைனர்மேல் மெல்லிய படலமாக உட்கார்ந்து அடியைத் தாங்கும். இப்போது ஆர்கானிக் அமில வகைகளும் வருகின்றன, மாற்றும் இடைவெளி அவற்றில் ரொம்ப அதிகம். எது என்பதை வண்டியின் மேனுவல்தான் சொல்ல வேண்டும். கேனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள்: கனரக டீசலுக்கான ஏஎஸ்டிஎம் டி6210 என்ற தர எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் டி3306 மட்டும் போட்டிருந்தால் அது காருக்கானது, லைனர் பாதுகாப்பு அதில் சோதிக்கப்பட்டது இல்லை. விலை குறைவு என்று ஜிபி ரோட்டு ஸ்பேர் கடைகளில் கார் கூலன்டை வாங்கிவந்து லாரியில் ஊற்றுவது, ஒரு கேனில் மிச்சம் பிடித்து இஞ்சின் வேலைக்குக் கொடுப்பதற்குச் சமம். பழைய வகையையும் ஆர்கானிக் வகையையும் கலக்கவும் கூடாது. கலந்தால் இரண்டின் ஆயுளும் குறையும், சில கலவைகள் கூழாகிப் போவதும் உண்டு.

சரி, அடுத்தது தண்ணீர். சென்னையில் இதுதான் பெரிய விஷயம் என்று நான் சொல்வேன். நம் போர் தண்ணீரில் பக்கெட், ஹீட்டர் காயில், குழாய் வாய் எல்லாம் வெள்ளையாகப் பொரிந்திருப்பதைப் பார்க்காத வீடு இல்லை. அதே உப்பு இஞ்சினில் எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படியும், அதாவது லைனர் மேலும் சிலிண்டர் ஹெட்டிலும். படிந்த இடத்தில் சூடு வெளியேறாது. தண்ணீரில் இருக்கும் குளோரைடு இன்னொரு பக்கம் உலோகத்தை அரிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எல்லா பேட்டரி கடையிலும் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். குடிக்கிற கேன் வாட்டர் போர் தண்ணீருக்கு எவ்வளவோ மேல், ஆனாலும் அதில் உப்பு கொஞ்சம் இருக்கும்.

கான்சன்ட்ரேட், அதாவது தண்ணீர் கலக்காத கூலன்ட் வாங்கினால், பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்க வேண்டும். இந்தக் கலவை 108 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும், 15 பிஎஸ்ஐ மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் 129 வரை தாங்கும். "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு. சூட்டைச் சுமக்கும் வேலையைத் தண்ணீர்தான் நன்றாகச் செய்யும், கூலன்டின் மூலச்சரக்கான கிளைக்கால் அந்த அளவுக்குச் சுமக்காது. ரெடிமிக்ஸ் வாங்கினால் தண்ணீரே சேர்க்க வேண்டாம்.

மாற்றும்போது இஞ்சின் முழுசாக ஆறியிருக்க வேண்டும், சூட்டில் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். கேபினைத் தூக்கி, ரேடியேட்டர் அடியில் இருக்கும் வடிகால் திருகை மட்டும் திறந்து நிறுத்திவிடாமல், பிளாக்கில் இருக்கும் பிளக்கையும் திறக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பழசில் கணிசமான அளவு உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் தெளிவாக வரும்வரை கழுவி, கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில் முடிப்பது நல்லது. எவ்வளவு வடித்தாலும் அந்த அலசிய தண்ணீர் கொஞ்சம் உள்ளே நிற்கும், அதன் மேல் ரெடிமிக்ஸை ஊற்றினால் கலவை நீர்த்துப் போகும். நான் விரும்பும் முறை இது: மேனுவலில் மொத்தக் கொள்ளளவு பார்த்து, 24 லிட்டர் என்றால் 12 லிட்டர் கான்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றிவிட்டு மிச்சத்துக்கு டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புவது. உள்ளே அலசிய தண்ணீர் கொஞ்சம் நின்றிருந்தாலும் கணக்கு சரியாக வந்துவிடும்.

மெதுவாக ஊற்றுங்கள், உள்ளே காற்று அடைத்து ஏர் லாக் ஆகாமல் இருக்க, காற்றை வெளியே விடும் ப்ளீட் ஸ்க்ரூவைத் திறந்து குமிழி நின்றபின் மூடுங்கள். சூடு ஏறியதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட், அது திறக்கும் சூடு வரும்வரை வண்டியை ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி லெவல் பாருங்கள், கட்டாயம் இறங்கியிருக்கும். மூடியின் ரப்பர், ஹோஸ், கிளிப், வாட்டர் பம்ப் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் கசிவுக் கறை, எல்லாவற்றையும் அதே கையோடு பார்த்துவிடலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வண்டி ஹீட் ஆகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அது இல்லாவிட்டால் காலி ரோட்டில் இஞ்சின் சூடே ஏறாமல் டீசலைக் குடிக்கும். ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும் பைபாஸ் வழி இருக்கும் இஞ்சின்களில் கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் ஒழுங்காகப் போகாமல் சுற்றிச் சுற்றி வந்து ஹீட் இன்னும் ஏறவும் செய்யும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கத்திரி வெயிலில் ஹார்பருக்குள் போக வரிசையில் நகர்ந்துகொண்டே நிற்கும் டிரெய்லருக்கு எதிர்க்காற்றே கிடையாது, ஃபேன் மட்டும்தான். புதிதாகத் தயாராகும் லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்பதால், ஏசியின் சூடும் இனி சேரும். டிரைவருக்கு ஏசி அவசியம், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆகவே ரேடியேட்டர் பக்கம் நாம் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்.

வடித்த பழைய கூலன்டைக் கால்வாயில் விடாதீர்கள், தரையில் தட்டிலும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஷெட் நாய் நக்கினால் செத்துப்போகும். மூடி போட்ட கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்க வருபவரிடம் இதையும் எடுப்பாரா என்று கேளுங்கள். ஆயிலோடு மட்டும் கலந்து வைக்காதீர்கள், யாரும் வாங்க மாட்டார்கள்.

எந்த வகை, எந்தத் தேதி என்று பெயின்ட் மார்க்கரில் எக்ஸ்பான்ஷன் டேங்க் பக்கத்தில் எழுதிவிட்டு, அதே கலவையில் ஒரு 5 லிட்டர் கேன் கேபினில் போட்டு அனுப்புங்கள். இல்லையென்றால் வழியில் லெவல் இறங்கும்போது டிரைவர் ஏதோ ஒரு டீக்கடைக் குழாயில்தான் பிடித்து ஊற்ற வேண்டியிருக்கும், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கேன் சீக்கிரம் சீக்கிரம் காலியாகி, வெளியே ஈரமே தெரியவில்லை என்றால், ஊற்றி ஊற்றி ஓட்டாமல் ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிஎஸ்6 வண்டி என்றால் இஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் கூலன்டால் ஆற்றும் இஜிஆர் கூலரையும் சேர்த்துச் செக் பண்ணச் சொல்லுங்கள்.