குளம் தூர்வார வங்கியிடம் உதவி கேட்கும் ஊர்களுக்கு

சிட்டி யூனியன், கரூர் வைசியா மாதிரி தனியார் வங்கிகள் 2013 கம்பெனிச் சட்டப்படி, முந்தைய 3 ஆண்டு நிகர லாபச் சராசரியில் 2% சமூகப் பணிக்குச் செலவிடணும். ஊருக்காக அந்தப் பணத்தைக் கேட்கும் அறக்கட்டளைக்கு வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவும் இல்லையென்றால் மனு அங்கேயே நின்றுவிடும். ஊராட்சித் தீர்மான நகலும் வையுங்கள்.

மேட்டூர் அணை திறப்பு வழக்கமாக ஜூன் 12. அதற்குள், சித்திரை வைகாசியிலேயே வேலை முடியணும். வரத்து வாய்க்காலை விட்டுவிட்டுக் குளத்தை மட்டும் வெட்டினால் தண்ணீர் வந்து சேராது. பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். வேதாரண்யம் பக்கம் ரொம்ப ஆழம் போகவே வேண்டாம், கீழே உப்புநீர்.

சேறு அள்ளப் பொக்லைன் போதும். ஞாயிறன்று உதவிக்கு வரும் வங்கி ஊழியர்களைப் புரட்டாசியில் அழையுங்கள்: கரையில் 10 அடிக்கு ஒரு பனைவிதை ஊன்றலாம். அவர்கள் உழைத்த நேரத்தைப் பணமாக்கி அந்த 2% கணக்கில் சேர்க்க முடியாது.