கரடியைக் கவிழ்த்துப் பார்

பழம்பொருட்களுக்கு மதிப்புப் போடும் வேலையில் சேர்ந்த புதிதில் என் மேசைக்கு ஒரு மரக் கரடி வந்தது. தலையைப் பின்னால் சாய்த்தால் உள்ளே மைக்கூடு. கண்ணாடிக் கண்கள், உடம்பெல்லாம் உளியால் கீறிய ரோமம். பதிவேட்டில் ‘பிளாக் ஃபாரஸ்ட், ஜெர்மனி’ என்று எழுதிப் பெருமையாக நீட்டினேன்.

“தம்பி, இது சுவிஸ் கரடிப்பா” என்றார் மூத்தவர்.

‘பிளாக் ஃபாரஸ்ட்’ என்பது வியாபாரத்தில் ஒட்டிக்கொண்ட தவறான பெயர். இந்த வகைச் செதுக்கல்களில் பெரும்பாலானவை சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் ஊரைச் சேர்ந்தவை. ஆல்ப்ஸ் பார்க்க வந்த பயணிகளை நம்பி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்டியன் ஃபிஷர் என்ற கடைசல்காரர் அங்கே ஆரம்பித்து வைத்த தொழில் அது. 1884-இல் ஊரில் செதுக்குப் பள்ளியே வந்துவிட்டது. பிரியன்ஸ் இருப்பது பெர்ன் மாநிலத்தில். பெர்னின் சின்னமே கரடிதான். இது தெரியாமல் நான் ஜெர்மனி என்று எழுதியிருந்தேன்!

அப்புறம் அவர் கரடியைக் கவிழ்த்தார். முகத்தை விற்பதற்காகச் செதுக்குகிறார்கள், அடிப்பாகத்தில் யாரும் மெனக்கெடுவதில்லை என்பது அவர் கணக்கு. பல வருடம் மேசையில் இழுபட்டிருந்தால் அடியின் விளிம்புகள் மழுங்கியிருக்கும். காற்றுப்பட்ட மரம் ஒரே சீராகக் கறுக்காது. சாயம் பூசிப் பழசாக்கியதில் எல்லா இடமும் ஒரே நிறம். மைக்கூட்டுக் குழியில் மைக்கறையே இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் வரும். காதும் பாதமும்தான் முதலில் உடையும். ஒட்டுப் போட்டிருந்தால் புற ஊதா விளக்கில் பசை பெரும்பாலும் தனியாக ஒளிரும்.

எழுத்து இருந்தால் இன்னும் குழப்பம். 1890-இன் அமெரிக்கச் சுங்கச் சட்டத்துக்குப் பிறகு, அங்கே இறக்குமதியாகும் சரக்கில் எந்த நாட்டுப் பொருள் என்று குறிக்க வேண்டியதாயிற்று. அதனால் நாட்டின் பெயர் இல்லாதது எல்லாம் அதற்கு முந்தையது என்று பலர் சொல்வார்கள். நினைவுப்பொருளுக்கு இந்தக் கணக்கு உதவாது. பயணி கடையில் வாங்கித் தன் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனதற்கு யார் முத்திரை குத்துவார்கள்? ஊர்ப் பெயர் பொறித்திருந்தாலும் அது விற்ற ஊராகத்தான் இருக்கும், செதுக்கிய ஊர் வேறாக இருக்கலாம்.

நான் சொதப்பிய இன்னொன்று, கடித உறை பிரிக்கும் கத்தி. கைப்பிடி நுனியில் கடுகளவு துளை. அழுக்கு என்று நினைத்து ஈரப்பஞ்சை அழுத்தித் தேய்க்கப் போனேன். மூத்தவர் கையைப் பிடித்து நிறுத்தி, விளக்குக்கு எதிரே கத்தியைப் பிடித்து ஒரு கண்ணால் பார்க்கச் சொன்னார். உள்ளே ஒரு ஏரி, பின்னால் மலை, கரையில் ஒரு படகு! நுண்புகைப்படத்தைக் குட்டி லென்ஸின் முனையில் ஒட்டி வைத்திருந்தார்கள். பிரான்ஸின் ரெனே டாக்ரோன் 1859-இல் காப்புரிமை வாங்கிய வித்தை. ஈரம் உள்ளே போனால் ஒட்டு விடும், படம் போய்விடும். அந்தக் கத்தியின் மதிப்பில் பெரும்பகுதி அந்தத் துளைக்குள்தான் இருந்தது.

மதிப்புப் போடக் கொடுத்திருந்த கத்தியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்த அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். சிறுவயதிலிருந்து வீட்டில் கிடக்கும் கத்தியாம். வரிசையில் மூன்று பேர் காத்திருக்க, அவர் கண்ணை எடுக்கவே இல்லை.