ஆடி மழையும் ஆவணிக் கல்யாணமும்

ஆடி பிறந்துவிட்டால் கல்யாண போட்டோகிராபருக்கு வேலை இருக்காது என்று எங்கள் பக்கம் எல்லோரும் நினைக்கிறார்கள். கல்யாணம் இல்லை, சரி. ஆனால் எனக்கு மனசுக்குப் பிடித்த மற்ற வேலைகளெல்லாம் அந்த மாதத்தில்தான் வந்து சேரும். இந்த ஆடியில் வால்பாறைக்கும் பவானிக்கும் போனேன், ஆவணி பிறந்ததும் காங்கேயம் பக்கம் ஒரு கல்யாணம். மூன்று இடத்திலும் என் கவலையெல்லாம் வெளிச்சத்தைப் பற்றித்தான். அங்கே இருக்கிற வெளிச்சத்தைக் கெடுக்காமல் படம் எடுக்க வேண்டும்.

வால்பாறையில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைத் தங்கும் விடுதியாக நடத்துகிறவர்கள் படம் கேட்டிருந்தார்கள். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட்டில் நின்றால் கீழே அணை தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் பாறை மேல் வரையாடும் தெரியும். மழைக்காலமாச்சே, வெயிலே இருக்காதே என்று தயங்கினார்கள். நான் அந்த மாதமே வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். வெயில் அடிக்கும்போது தேயிலை இலை பளபளவென்று வெள்ளை அடித்துப் பச்சையே செத்துவிடும். மழை ஓய்ந்து பனி இறங்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் இளம்பச்சை, கரும்பச்சை எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். பனியின் வெண்மையைப் பார்த்து ஏமாந்து கேமரா படத்தை இருட்டாக்கும், அதனால் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டி வைத்துக்கொள்வது நல்லது. புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகளைப் பார்த்ததும், பிஸ்கட்டைக் காட்டினால் கிட்டே வருமே என்றார் கூட வந்தவர். வேண்டவே வேண்டாம் என்றேன். தீனிக்காக ரோட்டுக்கு இறங்கிப் பழகிய குரங்கு வண்டியில் அடிபட்டுத்தான் சாகும். அவை மேலேயே ரோட்டைக் கடக்கட்டும் என்று மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள், தூரத்திலிருந்தே எடுத்தேன்.

பவானியில் எடுத்தது ஒரே ஒரு பெரியவரை. ஜமக்காளம் நெய்கிறவர். பெங்களூரில் வேலை பார்க்கும் பேத்தி போன் செய்து, "அண்ணா, தாத்தா ஸ்டூடியோவுக்கெல்லாம் வரமாட்டாருங்க, தறியிலயே வெச்சு எடுத்துக் குடுங்க" என்றார். அதைவிட நல்ல யோசனை எனக்கும் வந்திருக்காது. குழித்தறி என்பதால் நெய்கிறவர் பள்ளத்தில் காலை விட்டுத் தரை மட்டத்தில் உட்கார்ந்திருப்பார். நாம் நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலைதான் வரும். தரையில் ஒருக்களித்துப் படுத்து, 85 எம்எம் லென்ஸை அவர் கண் உயரத்துக்குக் கொண்டுவந்தேன். கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு, அதன் வழியாக இறங்கிய வெளிச்சம் சிவப்பு நூலில் பட்டு அவர் தாடைக்குக் கீழே லேசாகச் செந்நிறம் ஏற்றியது. பிளாஷ் போட்டிருந்தால் அந்த நிறம் போயிருக்கும். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளித் தள்ளி அவருடைய வலது கட்டைவிரலின் பக்கவாட்டில் தோல் காய்த்து மினுமினுவென்று இருந்தது, அதைத் தனியாக ஒரு படம் எடுத்தேன். பேத்தி பெரிதாக்கி மாட்டக் கேட்டது முகத்தை விட்டுவிட்டு அந்தப் படத்தைத்தான்.

அப்புறம் கல்யாணம். கொங்குக் கல்யாணத்தில் தாலி கட்டும் முகூர்த்தம் மட்டும் கல்யாணம் ஆகிவிடாது. முதல் நாள் சாயங்காலம் தொடங்கி ராத்திரி முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகச் சீர்கள், அதாவது சடங்குகள், போய்க்கொண்டே இருக்கும், நடத்தி வைப்பவர் அருமைக்காரர். அவரிடம் முன்கூட்டியே போய் உட்கார்ந்து, எந்தச் சீர் எங்கே, யார் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வது என் வழக்கம். இந்தப் பெரியவர் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "ஏனுங் தம்பி, சீரு ஒருக்கா செஞ்சா செஞ்சதுதானுங். படத்துக்காக மறுக்கா செய்யச் சொல்லாதீங்" என்றார். நூற்றுக்கு நூறு சரி. கேமராவுக்காகச் சீரை நிறுத்தச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அந்த மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் பெரிய எல்இடி திரை, அதில் மணமக்கள் பெயர் ஊதா நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஊதா முகத்தில் படும்போது மஞ்சள் பூசிய கன்னம் சாம்பல் பூத்துப் போகிறது, அதை கம்ப்யூட்டரில் சரிசெய்யப் போனால் சேலையின் நிறம் கெடும். இன்னொரு தொல்லையும் உண்டு. நம்ம ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் மலிவான எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். 1/100 அல்லது 1/50 விநாடி வைத்தால்தான் தப்பலாம். திரையின் துடிப்பு வேறு கணக்கு, அதற்கு அணைப்பது ஒன்றுதான் வைத்தியம்.

மாப்பிள்ளையும் அவருடைய உடன்பிறந்தவளும் சேர்ந்து நின்று செய்யும் இணைச்சீருக்கு மாப்பிள்ளையின் அக்கா வந்து நின்றதும் மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் அங்கிருந்தே, திரைப் பக்கம் நின்ற உறவுக்காரருக்குக் குரல் கொடுத்தார்: "ஏனுங் மாப்ள, அந்தத் திரைய நிறுத்துங்!" வீடியோ எடுத்த தம்பிகளும் தங்கள் விளக்கை அக்கட்ட நகர்த்தி வெள்ளைக் கூரையைப் பார்த்துத் திருப்பிக்கொண்டார்கள். குறைந்த வெளிச்சத்துக்கு ஏற்றபடி கேமராவில் வைத்தது ஐஎஸ்ஓ 3200, எஃப் 1.8, ஷட்டர் 1/100. கம்பர் பாடியதாகச் சொல்லப்படும் மங்கல வாழ்த்தைப் பெரியவர் ஒருவர் பாட ஆரம்பித்தார். கூறைச்சேலையைப் பிடித்திருந்த அக்காவின் விரல்கள் நடுங்கின, மாப்பிள்ளைத் தம்பி அதைக் கவனித்துவிட்டுச் சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். முகத்தின் மஞ்சள் மஞ்சளாகவே விழுந்தது. இந்த வருஷம் நான் எடுத்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த படம் இதுதான்.

புரட்டாசியில் ஆல்பம் வேலை, ஐப்பசியில் மறுபடி முகூர்த்தங்கள். கல்யாணம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: போட்டோ யார் எடுத்தாலும் பரவாயில்லை, மண்டபம் பேசும்போதே திரைக்கும் சீரியல் லைட்டுக்கும் தனித்தனி ஸ்விட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். சீர் நடக்கும்போது அதை அணைக்க வீட்டுப் பையன் ஒருவனைப் பக்கத்திலேயே நிறுத்தி வையுங்கள். வரவேற்புக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.