புகாரா என்பது சந்தையின் பெயர்

சிவப்புத் தரையில் எண்கோணப் பூக்கள் வரிசை பிடித்து நிற்கும் கம்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். கடையில் அதை 'புகாரா' என்றுதான் சொல்லுவார்கள், எனக்கும் அப்படித்தான் முதலில் சொன்னார்கள். அப்புறம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இன்றைய உஸ்பெகிஸ்தானில் இருக்கும் புகாரா அது நெய்யப்பட்ட ஊர் இல்லை, விற்கப்பட்ட சந்தை. நெய்தவர்கள் காஸ்பியன் கடலுக்கும் அமு தரியா ஆற்றுக்கும் நடுவே வறண்ட நிலத்தில் ஆட்டுமந்தையோடு கூடாரம் மாற்றி வாழ்ந்த துர்க்மென் பெண்கள். இன்று பாகிஸ்தானில் நெய்யும் நகலுக்கும் அதே சந்தையின் பெயர்தான். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு, ஏனென்றால் நெய்தவர்களின் குலம் எது என்பது கம்பளத்திலேயே இருக்கிறது.

அந்த எண்கோண உருவத்துக்கு 'குல்' என்று பெயர், அது குலத்துக்குக் குலம் மாறும். தெக்கே குலத்தாருடையது விளிம்பில் கொஞ்சம் உருண்டிருக்கும், மெல்லிய கருநீலக் கோடுகள் ஒன்றை அடுத்ததோடு இணைத்துக் கட்டம் கட்டமாக ஓடும். யோமுத் பெண்கள் வைர வடிவத்தை விரும்பினார்கள். எர்சாரி குல் மிகப் பெரியது, ஆப்கான் வியாபாரிகள் அதை யானைப் பாதம் என்பார்கள். 1992இல் துர்க்மெனிஸ்தான் கொடி வடிவமைத்தபோது கம்பத்தை ஒட்டி ஐந்து குல்களை மேலிருந்து கீழாக வைத்தார்கள். ஒரு நாட்டுக் கொடியில் பெண்களின் கைவேலை!

தறியைத் தரையில் கிடத்தி நான்கு முளை அடிப்பார்கள். இரண்டு பாவு நூலைச் சுற்றிக் கம்பளி முடிச்சைப் போட்டு, கத்தியால் நறுக்கி, ஒரு வரிசை முடிந்ததும் ஊடை ஓட்டி, கனத்த சீப்பால் தட்டி இறுக்க வேண்டும். நல்ல தெக்கே கம்பளத்தில் சதுர அங்குலத்துக்கு 200 முடிச்சுக்கு மேல் இருக்கும். இதற்கு நடுவில் மந்தை நகர வேண்டிய நாள் வந்துவிட்டால் முளையைப் பிடுங்கி, பாதி நெய்ததை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பி, போன இடத்தில் மறுபடி முளை அடித்துத் தொடர வேண்டியதுதான்.

சிவப்பு நம் மஞ்சிட்டிக்கு உறவான ஒரு செடியின் வேரிலிருந்து வந்தது, நீலம் அவுரியிலிருந்து. ஒரு தடவை காய்ச்சிய சாயம் தீர்ந்து அடுத்ததைத் தொடங்கிய இடத்தில் சிவப்பு லேசாக நிறம் மாறும், அதைக் குறை என்று சொல்லி யாராவது விலையைக் குறைத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். 1881இல் தெக்கே குலத்தாரின் கியோக்தெப்பே கோட்டை ரஷ்யர்களிடம் விழுந்தது, அப்புறம் ரயில் வந்தது, வெளிச்சந்தைக்காக நெய்வது பெருகியது, ரசாயனச் சாயமும் புகுந்தது. இந்தக் கலையை 2019இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

தரையில் விரிக்க மட்டும் அவர்கள் நெய்யவில்லை. கூடார வாசலுக்குத் திரை, துணிமணி போட்டுச் சுவரில் மாட்டும் பை எல்லாமே கம்பளம்தான். எனக்கு மிகவும் பிடித்தது அஸ்மாலிக். ஐந்து மூலை கொண்ட அது, மணப்பெண் ஊர்வலம் போகும் ஒட்டகத்தின் இரு விலாவிலும் தொங்கும், அதனால் ஒரே மாதிரி இரண்டு நெய்வார்கள். இப்போது பெரும்பாலும் ஒற்றையாகத்தான் கிடைக்கிறது.