கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு குதிரையின் முதுகு

போன வாரம் என் எட்டு வயது மகளுடன் கொடைக்கானல் போய்வந்தேன். பேருந்து, அறை, சாப்பாடு, மொத்தச் செலவு என்று வரிசையாக எழுதித் தருவதாகத் தோழிகளிடம் சொல்லியிருந்தேன். ஆனால் ஏரிக்கரையில் பார்த்த ஒரு பழுப்பு நிறப் பெண்குதிரை இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. அதைப் பற்றி எழுதாமல் மற்றதற்குப் போக முடியவில்லை.

வத்தலக்குண்டில் ஏறிய பேருந்தில் எங்களுக்குக் கடைசி வரிசைதான் கிடைத்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தூக்கிப் போட்டு, இறங்கும்போது இடுப்பை நிமிர்த்த முடியாதபடி செய்துவிட்டது. வார இறுதி என்பதால் அறை வாடகையும் இரு மடங்கு. கையிருப்பு கரைந்துகொண்டிருந்த நிலையில், குதிரைச் சவாரி ஒன்றே போதும் என்று மகள் கேட்டதால் ஒப்புக்கொண்டேன்.

மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் உருவாக்கிய அந்த ஏரியைச் சுற்றிவர ஏறத்தாழ 5 கிலோமீட்டர். 300 ரூபாய் என்று பேசிய குதிரைக்காரர், மகளைத் தூக்கி உட்கார வைத்த பிறகு, அது பாதித் தூரத்துக்கு மட்டும், முழுச் சுற்றுக்கு 500 என்றார். கோபம் வந்தது; ஆனால் அதற்குள் வேறொன்றைக் கண்டிருந்ததால் அது மறந்துபோனது.

கோவையில் இரண்டு ஆண்டுகள் குதிரையேற்றம் பழகியவள் நான். எனவே ஒரு குதிரை நிற்பதைக் கண்டால் கண் தானாக அதன் காதுக்கும் முதுகுக்கும் போய்விடும். எங்களுக்கு முன், பெரியவர் ஒருவர் தம் பையனையும் முன்னால் வைத்துக்கொண்டு இதே குதிரையில் சுற்றிவந்து இறங்கினார். பிறகு சேணத்தின் வயிற்றுப் பட்டையை இறுக்கியபோது அது காதுகளைப் பின்னால் மடக்கி, பல்லைக் காட்டிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பியது. 25 கிலோ எடையுள்ள என் மகள் உட்கார்ந்ததும் அதன் முதுகு சட்டென்று கீழே குழிந்தது. “பழக்கம் அக்கா, சும்மா நடிக்குது” என்றார் குதிரைக்காரர்.

நடிப்பு இல்லை. குதிரைக்கு மார்புப் பகுதி முதுகெலும்புகள் 18; அவற்றில் பின்பகுதியிலுள்ள எலும்புகளின் மேல்தான் சேணம் அமர்கிறது. ஒவ்வோர் எலும்பிலிருந்தும் மேல்நோக்கி ஒரு முள் நீண்டிருக்கும். சில குதிரைகளில் அந்த முட்கள் ஒன்றோடொன்று நெருங்கி உரசி வலி தரும். பெரும்பாலும் சேணத்துக்கு நேர்கீழேதான் இது நிகழ்கிறது. முதுகு குழியும்போது அவை மேலும் நெருங்குகின்றன. பொருந்தாத சேணம் தசையை நசுக்குவதாலும் இதே போன்ற வலி வரும். எது காரணம் என்பதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்துக் கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவருடைய குழுவினரும் 2018இல் சவாரியின்போது கவனிக்க வேண்டிய 24 நடத்தைகளைப் பட்டியலிட்டார்கள். அவற்றில் எட்டு அல்லது அதற்கு மேல் தென்பட்டால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். பட்டை இறுக்கும்போதும் ஏறும்போதும் காட்டுபவை இந்தக் கணக்கில் சேராது. கூடவே நடந்த நான் ஐந்து நிமிடத்தில் ஆறு எண்ணினேன்: காதுகள் ஐந்து விநாடிக்கு மேல் பின்னுக்கு மடிந்தே இருந்தன, ஈ ஒன்றும் இல்லாதபோதும் வால் ஓயாமல் சுழன்றது, வாய் திறந்து திறந்து மூடியது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது, பின்னங்கால் குளம்பு தரையை உரசியது, அதட்டினால் மட்டுமே அடி எடுத்து வைத்தது. வெறும் நடையிலேயே இத்தனை.

நிறுத்தச் சொல்லி மகளை இறக்கினேன். 300 ரூபாயைக் கொடுத்துவிட்டு, சேணத்தைக் கழற்றிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். தயங்கினாலும் கழற்றினார். அடியில் நான்காக மடித்த கம்பளி. அதன் தடித்த மடிப்பு சரியாக முதுகுத்தண்டின் மேல் கிடந்தது. அந்த இடத்தில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளை முடி முளைத்திருந்தது. தொடர்ந்து அழுத்தியதில் தோல் புண்பட்டு ஆறியதன் அடையாளம் அது. பக்கத்தில் விரலால் மெல்ல அழுத்தினேன். தசை துடித்து, முதுகு மறுபடி குழிந்தது. உடம்பெல்லாம் வியர்வை, அழுத்தம் விழுந்த இரண்டு திட்டுகள் மட்டும் உலர்ந்திருந்தன.

அவரையும் முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை. குதிரை முதலாளியுடையது, தமக்குத் தினக்கூலி என்றார். ஆனால் பொதி சுமக்கும் மட்டக்குதிரைக்கே 70 கிலோதான் உச்சம் என்று சுமை விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் 1965ஆம் ஆண்டு இந்திய விதிகள் சொல்லும்போது, பெரியவரையும் பையனையும் ஒன்றாக ஏற்றுவது அநியாயம். காசு கொடுக்கும் நாமும் ஏறும் முன் காதையும் வாலையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும்.

கம்பளியை மடிப்பில்லாமல் விரித்துப் போடச் சொன்னேன், சரி என்றார். மகள் 20 ரூபாய்க்குக் கேரட் கட்டு ஒன்று வாங்கி ஊட்டினாள். குதிரை காதுகளை முன்னுக்கு நீட்டி ஆசையாகத் தின்றது. அவர் கை பட்டையின் பக்கம் போனதும், மென்றுகொண்டிருந்த வாய் நின்றது; காதுகள் மீண்டும் பின்னால் மடிந்தன.