கதவு நிலையில் இந்த வருடக் கணக்கு

வருடத்துக்கு ஒருமுறை குடும்பம் மொத்தமும் அம்மா வீட்டில் கூடும்போது முதலில் நடக்கும் வேலை, பிள்ளைகளைக் கதவு நிலையோடு ஒட்டி நிறுத்தி உயரம் குறிப்பது. பென்சில், டேப், தலைமேல் வைக்க ஒரு கெட்டி அட்டைப் புத்தகம். குறிக்கிற பொறுப்பு ஆரம்பத்திலிருந்தே என்னுடையது.

இந்த முறை தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலில் வந்தான், பாதி நேரம் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. அக்கா வேலை மாறிவிட்டாள். அத்தான் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு படி ஏறுகிறார். அண்ணனின் மூத்தவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், இனி அளக்க வரமாட்டாளாம்.

தங்கையின் மகள் போன வருடம் மூன்று வாரக் குழந்தை. படுக்கவைத்துத்தான் அளந்தோம். இப்போது நிலையைப் பிடித்துக்கொண்டு தானே நிற்கிறாள், ஆனால் புத்தகத்தைத் தலையில் வைத்தால் பிடுங்கி வாயில் வைக்கிறாள். முதல் வருடத்தில் குழந்தைகள் சுமாராக 25 செ.மீ. வளர்ந்து, எடையும் பிறந்ததைப்போல் மூன்று மடங்காகும். இவள் 23 காட்டினாள். பிறந்த பிறகு அந்த வேகம் ஆயுசுக்கும் ஒரு தடவைதான்.

பெரிய ரகளை செய்தது பன்னிரண்டு வயதுக்காரர்கள் இருவரும்தான், அக்கா மகளும் அண்ணன் மகனும். போன வருடம் ஒரே கோடு. இந்த வருடம் அவள் காலையிலேயே வந்து அளந்துகொண்டாள். அவன் பகல் முழுக்கப் பயணம் செய்து சாயங்காலம் வந்து நின்றான். 2 செ.மீ. குறைவு. கோட்டை அழிக்கச் சொல்லி ஒரே அடம்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நாள் முழுக்க உட்கார்ந்தும் நின்றும் இருந்தால் முதுகெலும்பில் இருக்கும் டிஸ்க் எல்லாம் அமுங்கிவிடும்டா, சாயங்காலத்துக்குள் 1 செ.மீ. போலக் குறைந்துவிடும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லிவைத்தேன். மறுநாள் ஐந்தரைக்கு "அத்தை, எழுந்திருங்க" என்று காலைப் பிடித்து ஆட்டினான். கட்டிலிலிருந்து நிலைவரை அதிகம் நடக்கக்கூடாதென்று தாவித் தாவிப் போனான். 9 மி.மீ. கூடியிருந்தது. அவளைத் தாண்ட அது போதவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு அந்தத் திடீர் வளர்ச்சி பையன்களைவிட ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே வந்துவிடும், கொஞ்சம் பொறு என்றேன். "எத்தனை மாசம்?" என்று கேட்டான்.

பிரான்ஸில் மோன்பெயார் என்று ஒரு பிரபு, 1759-ல் பிறந்த தன் மகனை 1777 வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து எழுதிவைத்தார். பிள்ளைகளின் வளர்ச்சியைப் படிப்பவர்கள் இன்றும் அந்தக் கணக்கை எடுத்துப் பார்க்கிறார்கள். பதினெட்டு வருடப் பொறுமை பெரிதுதான், ஆனால் அளந்தது ஒரே ஒரு பிள்ளையை. எங்கள் வீட்டில் வந்து ஒரு நாள் அளந்து பார்க்கட்டும்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அம்மா தானே வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். "என்னையும் குறி." 2011-ல் பிள்ளைகள் விளையாட்டாக அம்மாவை நிறுத்திக் குறித்த கோடு அங்கேயே இருக்கிறது, என் கையெழுத்தில். புத்தகத்தை வைத்து, பென்சிலால் கீறி, அம்மாவை நகரச் சொன்னேன். பழைய கோட்டுக்கு 3 செ.மீ. கீழே. அந்த இரண்டு விரல் இடைவெளியை அம்மா கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். வயதானால் டிஸ்க் மெலிந்துபோகும், எல்லோருக்கும் இப்படித்தான் என்று ஆரம்பித்தேன்.

"அது இருக்கட்டும். தேதிக்குப் பக்கத்தில் மணியையும் போடு. சாயங்காலம் ஆறரை."

போட்டேன்.