பெட்டிக்கு வெளியே இருக்கும் வால்

ஈ.கோலை பாக்டீரியா, ஈர்பொருள் எனப்படும் தனக்குப் பிடித்த வேதிப்பொருளை நோக்கி நீந்தும். அஸ்பார்டேட் என்ற ஈர்பொருளை உணரும் அதன் சவ்வுப் புரதம் டார் ஏற்பி. அந்த ஏற்பியின் வால் நுனியில் ஒளிரும் புரதத்தை ஒட்டிவிட்டுப் பார்த்தால் செல்லின் முனையில் பச்சைப் புள்ளி அழகாகத் தெரியும். ஏற்பி சரியான இடத்துக்குப் போய்விட்டது, வேலை முடிந்தது என்றே தோன்றும். அதே ஸ்ட்ரெயினை மென் அகரில், அதாவது செல்கள் நீந்தக்கூடிய தளர்ந்த ஜெல்லில், குத்தி வைத்தால் அவை நீந்திப் பரவும் வளையம் சிறுத்துப்போயிருக்கலாம். அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ஒட்டைத்தான்.

டாரின் கடைசி ஐந்து அமினோ அமிலங்கள் அஸ்பராஜின், டிரிப்டோபான், குளுட்டமேட், திரியோனின், ஃபீனைல்அலனின். ஏற்பி ஈர்பொருளுக்குப் பழகிக்கொள்ள அதன் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குழுவை ஏற்றும் கீ-ஆர் (CheR) நொதி பிடித்துக்கொள்ளும் கைப்பிடி அது. அதற்கப்பால் எதை நீட்டினாலும், சுத்திகரிப்புக்காக ஒட்டும் ஆறு ஹிஸ்டிடின் வாலாக இருந்தாலும், மெத்தில் ஏறும் வேகம் குறையக்கூடும். பாக்டீரியா ஈர்பொருளை உணரும். ஆனால் பழகிக்கொள்ளத் தாமதமாகும். புரதத்தின் பகுதிகளைப் பெட்டிகளாகக் காட்டும் டொமைன் படத்தில் இந்த வாலுக்குப் பெட்டியே கிடையாது. வெளிப்புறப் பகுதி, ஹேம்ப் (HAMP) என்ற இணைப்புப் பகுதி, சிக்னல் பகுதி என்று மூன்று பெட்டிகள் இருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் ஏற்பியைத் தொடாமல், அதன் செய்தியை நீந்த உதவும் கசையிழையின் மோட்டாருக்குக் கொண்டுபோகும் கீ-ஒய் (CheY), அதிலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் கீ-இசட் (CheZ) இரண்டிலும் ஒளிப்புரதம் ஒட்டி, அவை நெருங்குவதை அளக்கும் முறை எனக்குப் பிடிக்கும். 2002-இல் சோர்ஜிக், பெர்க் என்ற ஆய்வாளர்கள் அப்படித்தான் அளந்தார்கள்.

பெட்டிகளின் இடைவெளியும் இதே போலத்தான். ஹேம்ப் சுமார் 50 அமினோ அமிலம். அதற்குக் கீழே ஏற்பி நீண்ட சுருள் கட்டாகப் போய், நுனியில் கொண்டை ஊசி போல் வளைந்து மேலே திரும்புகிறது. அந்தக் கட்டில் அமினோ அமிலங்கள் ஏழு ஏழாக ஒரு கணக்கில் ஓடுகின்றன. வெட்டி ஒட்டும்போது ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் சுருளின் முகம் திரும்பிவிடும். புரதம் உருவாகும், சவ்வில் உட்காரும், சிக்னல் மட்டும் கீழே போகாது. நீளத்தை மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஏழின் மடங்கில், வளைவின் இரு பக்கமும் சமமாக மாற்ற வேண்டும்.

ஏற்பியின் சிக்னலை வாங்கி பாஸ்பேட்டை ஏற்றும் நொதியான கீ-ஏ (CheA) கைனேஸுக்கு ஐந்து டொமைன்கள். பாஸ்பேட் தரும் ஏடிபியைப் பிடிப்பது நான்காவது. பாஸ்பேட்டை வாங்குவது முதலாவதில் உள்ள 48-ஆம் ஹிஸ்டிடின், அதுவும் இரண்டிரண்டாகச் சேரும் கீ-ஏ இணையின் மற்ற உறுப்பில் இருப்பது. அங்கிருந்து அது கீ-ஒய்யின் 57-ஆம் அஸ்பார்டேட்டுக்குத் தாவும். கீ-ஏயைச் சுத்திகரித்தால் ஜெல்லில் சுமார் 10 கிலோடால்டன் சின்னதாக இன்னொரு பட்டை வரும். சிதைவு என்று நினைத்துப் புரோட்டியேஸ் தடுப்பானைக் கூட்டுவது வீண். மரபணுவுக்குள்ளேயே 98-ஆம் மெத்தியோனினில் இன்னொரு தொடக்கம் இருக்கிறது. முன் நுனியில் ஹிஸ்டிடின் வால் போட்டாலும் குட்டை வடிவம் நீண்டதோடு இணைசேர்ந்து கூடவே வந்துவிடும். வேண்டாமென்றால் அந்த மெத்தியோனினை லியூசினாக மாற்றிவிடலாம்.

பாஸ்பேட் ஏறிய கீ-ஏயை ஜெல்லில் ஓட்டும்போது மாதிரியைக் கொதிக்கவைக்கக் கூடாது. ஓடி முடிந்ததும் கை பழக்கத்தில் அசிட்டிக் அமிலக் கரைசலில் போட்டுவிடவும் கூடாது. ஹிஸ்டிடினில் ஒட்டிய பாஸ்பேட் அமிலத்தைத் தாங்காது. அரை நாள் உழைப்பு அந்தத் தட்டில் கரைந்து போகும்.

இனி அகர் பிளேட். லிட்டருக்கு டிரிப்டோன் 10 கிராம், உப்பு 5 கிராம், அகர் 2.5 முதல் 3 கிராம். 30 டிகிரியில் எட்டு முதல் பத்து மணி நேரம். கவிழ்த்து வைக்காதீர்கள், மென் அகர் சரிந்துவிடும். செரினைத் துரத்துவது வெளி வளையம், அஸ்பார்டேட்டைத் துரத்துவது உள் வளையம். வளர்க்கும் ஊடகத்தில் குளுக்கோஸ் இருந்தால் கசையிழை குறையும். பஃபரில் கழுவும்போது பைபெட்டால் வேகமாக அடித்தால் இருக்கிற இழையும் அறுந்துவிடும். அகல வாய் நுனியால் மெதுவாகக் கலக்கினால் போதும்.

பெரிய ஏமாற்றம் வளையத்தின் அளவில் இருக்கிறது. கீ-ஒய் இல்லாத செல், திசை மாற்றும் குட்டிக்கரணம் போடாமல் நேரே நீந்தும். அகரின் வலைக்கண்ணில் மூக்கை நுழைத்துக்கொண்டு பின்வாங்கத் தெரியாமல் அங்கேயே நிற்கும். ஓயாமல் குட்டிக்கரணம் போடுகிற கீ-இசட் பிழைத்திரிபும் சின்ன வளையம்தான் தரும். நேர் எதிர் நோய் இரண்டுக்கும் பிளேட்டில் ஏறக்குறைய ஒரே முகம். ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து ஒரு நிமிடம் பார்த்தாலே எது எதுவென்று தெரிந்துவிடும்.

புதிய ஜீனோமில் இந்தப் பெட்டிகள் வரிசையாகக் கிடைத்தவுடன் 'ஈர்பொருள் கைனேஸை அணைக்கும்' என்று எழுதிவிடுவதுதான் நான் அதிகம் அஞ்சும் தவறு. ஈ.கோலையில் அது உண்மை. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மற்றொரு பாக்டீரியாவில் ஈர்பொருள் கீ-ஏயைத் தூண்டுகிறது. பாஸ்பேட் ஏறிய கீ-ஒய் அங்கே நேர் நீச்சலைத் தருகிறது. கீ-இசட்டும் அங்கே இல்லை. டொமைன்களின் பெயரைத் தயங்காமல் எழுதலாம். மோட்டார் எந்தப் பக்கம் சுழலும் என்பதை, கசையிழையைக் கண்ணாடியில் ஒட்டி, செல் சுழலும் திசையைக் கண்ணால் பார்த்த பிறகே எழுத வேண்டும்.